ஏழு மணிக்குச் சுடுதண்ணி

பாட்மிண்டன் ஆடப் போகிற புருஷன் வேர்வை நாற்றத்தோடு திரும்பினால் கவலையில்லை. சந்தன சோப்பு வாசனையோடு திரும்பினால்?

எங்கள் வீட்டில் சந்தன சோப்பே கிடையாது. மூன்று பேருக்கும் பேபி சோப்புதான்.

"கோர்ட்லயே ஷவர் இருக்கு ரஷ்மி. குளிச்சிட்டே வந்துடறேன்" என்பார் ஜெயந்த்.

ஆறு மாதமாக ஞாயிறு தவறாமல் சனத்நகரில் ஆபீஸ் நண்பர்களோடு ஆட்டமாம். "இவர் எவ்வளவு சுத்தம் தெரியுமா!" என்று அம்மாவிடம் போனில் பீற்றிக்கொண்டவள் நான்.

சனிக்கிழமை சாயங்காலம், அவர் போனில் ரைம்ஸ் பார்த்துக்கொண்டிருந்த ஷெரில், வந்து விழுந்த வாய்ஸ் மெசேஜைக் குட்டி விரலால் தட்டிவிட்டாள்.

"ஏழு மணிக்கு வந்துடுங்க. குளிரா இருக்கு. சுடுதண்ணி போட்டு வெக்கறேன்."

பெண் குரல். திரையில் பெயர், கனகவல்லி. குரலை வைத்து வயசு தெரியவில்லை. பயந்தவளுக்கு எல்லாக் குரலும் இருபத்தைந்துதான்.

பயத்தைப் போக்க எனக்குப் பன்னிரண்டு வருஷக் கான்வென்ட் படிப்பும் உதவவில்லை. பேய் பிசாசெல்லாம் கிடையாது என்று சிஸ்டர்கள் சொல்லிக் கொடுத்ததை இங்கிலீஷில் அழகாக ஒப்பிப்பேன். தலையணைக்கு அடியில் ஜெபமாலையும் இருக்கும், பாக்குவெட்டியும் இருக்கும்.

ஞாயிறு காலை. ராக்கெட் பையை மாட்டிக்கொண்டு அவர் பைக்கை எடுத்ததும், ஷெரிலை இடுப்பில் தூக்கிக்கொண்டு அல்வால் மெயின் ரோட்டில் ஆட்டோவில் ஏறினேன்.

"உஸ் பைக் கே பீச்சே சலோ பையா!"

கான்வென்ட்டில் படித்த ஹிந்தியை, அந்த பைக்கைத் துரத்தச் சொல்லி, உருப்படியாகப் பயன்படுத்தியது அன்றுதான். ஆட்டோக்காரருக்கு ஒரே உற்சாகம். இரண்டு சிக்னலை மதிக்கவில்லை.

பைக் சனத்நகர் பக்கமே போகவில்லை. பத்து நிமிஷத்தில் ஒரு பெரிய இரும்பு கேட்டுக்குள் நுழைந்தது. ஆட்டோவை அனுப்பிவிட்டு விறுவிறு என்று உள்ளே போன பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன்.

சுற்றிலும் சிலுவைகள்.

போன வருஷம் மாமியாரை அடக்கம் செய்த இடம். அன்று ராத்திரி ஷெரிலுக்கு நூற்று மூன்று டிகிரி ஜுரம். டாக்டர் வைரஸ் என்றார். நான் கல்லறைக் காத்து என்றேன். "பாப்பாவுக்கு மூணு வயசு ஆகற வரைக்கும் நம்ம வீட்லேர்ந்து யாரும் அந்தப் பக்கம் போகக் கூடாது" என்று சட்டம் போட்டேன். கல்லறைத் திருநாளுக்குக்கூட அவரை விடவில்லை. ஒரே மகன். "சரி" என்றார், அவ்வளவுதான்.

இப்போது சட்டம் போட்டவளே குழந்தையோடு நடுவில் நிற்கிறேன். ஷெரிலின் தலையைத் துப்பட்டாவால் மூடி, சிலுவை போட்டேன். அவளுக்கு மூன்று தடவை, எனக்கு ஐந்து.

கேட்டுக்கு உள்பக்கம் ஒரு தகரக் கூரை. அடியில் சாமந்தி மாலைகள், மெழுகுவத்திகள். பக்கத்தில் மூன்று கல் அடுப்பில் ஒரு பெரிய அண்டா கொதித்துக்கொண்டிருந்தது.

"பூ வேணுமாம்மா?"

"இங்க... கனகவல்லிங்கறது யாரு?"

"நாந்தான். கைக்கு, எதுக்குக் கேக்கறீங்க?" என்று சிரித்தாள் பூக்காரி. முன்பல் இரண்டு இல்லை. வழியெல்லாம் நான் மனப்பாடம் செய்து வந்த வசனம் மொத்தமும் வீண்.

"இப்ப பைக்ல ஒருத்தர் வந்தாரே..."

"ஹவ், ஆமாம்மா, ஞாயித்துக்கிழமை சாரு! அதோ பாருங்க."

மூன்றாவது வரிசையில் பேன்ட்டை மடித்துவிட்டு முட்டி போட்டிருந்தார் ஜெயந்த். பக்கத்தில் பக்கெட். கையில், போன மாதம் வீட்டில் காணாமல் போன ஷெரிலின் வாத்து டூத்பிரஷ். மாமியாரின் கல்லில் அற்புதமேரி என்ற பெயரைப் பல் விளக்குகிற மாதிரி தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஆசிட் ஊத்தினா அஞ்சு நிமிஷத்துல பளிச்சுனு ஆயிடும் சார்னேன். நக்கோ, வேணாம், அம்மா பேரு தேஞ்சிடும்னுட்டாரு. எழுத்து எழுத்தா பாசி எடுக்கறாரும்மா."

"அந்த... சுடுதண்ணி?"

"அவருக்குத்தான். சின்னக் குழந்தை இருக்கற வீடாமே, இங்கேர்ந்து அப்படியே போகக் கூடாதாம். இந்தத் தட்டிக்குப் பின்னால தலையோட குளிச்சிட்டுத்தான் கிளம்புவாரு. சோப்புகூட என் சோப்புதான்."

சந்தன வாசனை அங்கிருந்தே அடித்தது.

கனகவல்லி குரலைத் தாழ்த்தினாள்.

"ஆனா அவரைச் சொல்லி என்னம்மா? எல்லாம் பொண்டாட்டி பண்ற புண்ணியம். மாமியார் கல்லு மேல ஒரு பொட்டு அழுக்கு இருக்கக் கூடாதுன்னு அந்தம்மாதான் வாராவாரம் வெரட்டி அனுப்புதாம். குழந்தையை விட்டுட்டு வர முடியலையேன்னு வீட்ல உக்காந்து அழுவுதாம். இந்தக் காலத்துல இப்படி ஒரு மருமவ! எனக்கும் வந்து வாய்ச்சிருக்குதே ஒண்ணு..."

"மை டக்!" என்று கத்தினாள் ஷெரில்.

ஜெயந்த் திரும்பினார். எங்களைப் பார்த்தார். வாத்து பிரஷ்ஷை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

"அட, பாப்பாவுக்கு சாரைத் தெரியுமா?" கனகவல்லி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க யாரும்மா?"

அவள் சொன்ன அந்த மருமகள் நான்தான். ஷெரிலின் தலையிலிருந்து துப்பட்டாவை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"இன்னொரு பிரஷ் இருந்தா குடுங்க. அப்புறம்... சுடுதண்ணி இன்னிக்கு மூணு பேருக்கு வேணும்."