இரண்டு ஆள் கனம்

கடைக்காரர் சிந்தசைசர் கீபோர்டின் எட்டுக் கட்டைகளை ஒரே சமயத்தில் அழுத்தினார். அந்தச் சத்தம் அவள் அடிவயிறு வரை இறங்கியது.

இதுதான் அசல் சரக்கு என்றார் அவர். கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுக் கொடுக்கிற சத்தமில்லையாம். உள்ளே மின்சாரம் ஓடி, சூடேறி, ஒவ்வொரு சுரமும் தன் இஷ்டத்துக்கு இம்மியளவு பிசகி நிற்குமாம். எட்டும் சேர்ந்தால் எட்டுப் பேர் மூச்சு விடுகிற மாதிரி இருக்கும் என்று சொல்லிவிட்டு, தன் பேச்சில் தானே சொக்கிப்போனார்.

எடை எவ்வளவு என்று அவள் கேட்டாள்.

விலையைக் கேட்டு மயக்கம் போடாத குறையாகப் போனவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். எடையைக் கேட்ட முதல் ஆள் இவள்தான். இரும்பு உடம்பு, இரண்டு பக்கமும் மரம், ஒற்றை ஆளால் தூக்க முடியாது என்று கொஞ்சம் சங்கடத்தோடுதான் சொன்னார்.

அவள் அதை நம்பி விட்டுவிடவில்லை. முழங்காலை மடக்கி, முதுகை நேராக வைத்து, ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தாள். பிசியோதெரபி செய்கிறவள், கனம் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். அவள் பிடித்த முனை எழுந்தது. மறுமுனை அசைந்து கொடுக்கவில்லை.

மெல்ல இறக்கி வைத்தாள். முகம் தெளிந்திருந்தது.

கடைக்காரருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பக்கத்து அலமாரியிலிருந்து இன்னொன்றை ஒரே கையால் எடுத்து வந்தார். ஷூ டப்பா அளவுதான். உள்ளே இருப்பதெல்லாம் அதேதான். கட்டைகள் மட்டும் கிடையாது. வீட்டில் ஏற்கெனவே ஒரு கீபோர்டு இருந்தால் ஒரு வயரில் இணைத்து வாசித்துக்கொள்ளலாம். விலையும் குறைவு.

அவள் தம்பி கேட்டிருந்தது அதைத்தான். உள்ளே வந்ததுமே அவனுடைய மெசேஜை அவள் காட்டியிருந்தாள். மாடல் நம்பர் முதற்கொண்டு பிசகில்லாமல் எழுதியிருந்தான். கீபோர்டு என்னிடம் இருக்கிறது, சின்னது போதும் என்று.

அவன் வாய்விட்டு ஒரு பொருளைக் கேட்டு எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. அம்மா காலையிலேயே படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள், கேட்டதை மட்டும் வாங்கிக் கொடு, உன் புத்திசாலித்தனத்தை அங்கே காட்டாதே என்று.

தம்பி விவரமான ஆள் என்று கடைக்காரரும் மெச்சினார். பெரியதைத் தள்ளிவிட்டால் தனக்குத்தான் லாபம், ஆனாலும் மனசு கேட்கவில்லை என்றார். நாளைக்கு அவரையே அழைத்து வாருங்களேன், வாசித்துப் பார்க்கட்டும் என்றார்.

அவனால் வர முடியாது என்றாள்.

வெளியூரில் வேலை போலும் என்று அவராகவே முடிவு செய்துகொண்டார்.

சின்னதை வாங்கினால் சாயங்காலமே அது அவன் கையில் இருக்கும். சந்தோஷப்படுவான். அதன் பிறகு அவனுக்கு யாரிடமும் எதுவும் தேவைப்படாது.

பெரியதை வாங்கினால் கோபப்படுவான். போன தடவை அவனைக் கேட்காமல் ஒரு காரியம் செய்ததற்கு இரண்டு மாதம் பதிலே போடவில்லை. அந்த இரண்டு மாதமும் போனைக் கையில் பிடித்தபடியேதான் அவள் தூங்கினாள்.

பெரியதற்கே பில் போடச் சொன்னாள்.

“நம்ம ஆளுங்க ரூம் வரைக்கும் கொண்டுவந்து மாட்டிக் குடுத்துடுவாங்கம்மா. நீங்க கையே வைக்க வேண்டாம்.”

“வேண்டாங்க. ரூம் வாசல்லயே இறக்கிடச் சொல்லுங்க. என் தம்பி ஒரு பக்கம் பிடிச்சுக்குவான்.”

சொல்லிவிட்டாளே தவிர, அவள் குரல் அவளுக்கே யாருடையதோ போல் கேட்டது.

தம்பி தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று வருடம் ஆகிறது.

வேளைக்கு ஒரு தட்டு நுழைகிற அளவுக்குக் கதவு திறக்கும். ஒரு கை வந்து வாங்கிக்கொள்ளும். அவள் பார்த்ததெல்லாம் அந்தக் கையைத்தான். வரவர மணிக்கட்டு எலும்பு துருத்திக்கொண்டு வந்தது. அப்பா கத்திப் பார்த்தார். அம்மா அழுது பார்த்தாள். அவனைக் கேட்காமல் அவள் கூட்டி வந்த மனநல டாக்டர் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒரு மணிநேரம் கதவோடு பேசிவிட்டுப் போனார்.

ஷூ டப்பா அந்த இடுக்கில் போய்விடும்.

இது போகாது. கதவை முழுசாகத் திறக்க வேண்டும். ஒருவர் வெளியே, ஒருவர் உள்ளே நின்று தூக்க வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து கனம் தூக்கும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் முடியாது. அதற்கு மேல் அவளிடம் யோசனை எதுவும் மிச்சமில்லை.

அவன் திறக்காமலே இருந்துவிடலாம். அதுவும் அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது.

குடோனிலிருந்து இரண்டு பேர் பெட்டியைச் சுமந்து வந்தார்கள். பக்கவாட்டில் அடி வைத்து, ஒருவரையொருவர் பார்த்தபடி.

போன் அதிர்ந்தது. தம்பிதான். வாங்கிட்டியாக்கா, சின்னதுதானே என்று கேட்டிருந்தான்.

அவள் அந்தப் பெட்டியைப் பார்த்தாள். பிறகு, ஆமாண்டா, சின்னதுதான் என்று எழுதி அனுப்பினாள்.

உடனே பதில் வந்தது. ரொம்ப தேங்க்ஸ்க்கா.

கூடவே, மஞ்சளாக ஒரு சிரித்த முகம்.