பச்சைப்பசேல் முள்ளங்கி

"பாவி, குடியைக் கெடுத்துட்டியேடி! இப்படிப் பச்சைப்பசேல்னு நிக்குதே!"

முள்ளங்கி வயலைப் பார்த்து வயிற்றில் அடித்துக்கொண்டார் அப்பா. மகள் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்ப்பவள். விதைப்பதற்கு முன்னால் அவருக்குத் தெரியாமல் விதையை பாக்டீரியா கரைசலில் ஊறவைத்துவிட்டாள். அது வேரைச் சுற்றிக் குடியேறிவிட்டால், மண்ணில் காரீய விஷம் இருந்தாலும் செடி லேசில் வாடாது.

அவரோ வாடட்டும் என்றுதான் விதைத்தார். பக்கத்து பேட்டரி ஆலையின் கழிவால் நிலம் பாழாகிவிட்டது என்று புகார் கொடுத்து நாலு வருஷம் நாயாய் அலைந்து, இன்றைக்குத்தான் ஒரு அதிகாரி நேரில் பார்க்க வருகிறார்.

"உங்களுக்கு நல்லது பண்ணலாம்னுதான்ப்பா..."

"நல்லது பண்ணின லட்சணத்தைப் பாரு! நீ எனக்குப் பொறந்தியா, அந்த ஆலைக்காரனுக்குப் பொறந்தியா?"

அவளுக்கும் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "செடிதான்ப்பா தாங்குது. காரீயம் எங்கயும் போகலை!"

"வாயை மூடு. வர்றாங்க."

அதிகாரி வரப்பில் நடந்து வந்தார். அவர் தலையில் வெயில் படாமல் குடை பிடித்துக்கொண்டு வந்தவர் ஆலை மேனேஜர். அப்பாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"இந்த ஆளு எதுக்கு சார் உங்க கூட வர்றாரு?"

"எதிர்த்தரப்பும் இருக்கணும்யா, அதான் முறை. மத்தபடி இவர் யாரோ, நான் யாரோ."

மேனேஜர் பல்லைக் காட்டினார். "பாத்தீங்களா சார், செத்த மண்ணாம்! என்னமா விளைஞ்சிருக்கு! எங்க பேரைக் கெடுக்கணும், அதான் இவருக்கு வேலை."

"சார், மண்ணை எடுத்து சோதிச்சுப் பாருங்க சார்" என்று மகள் கெஞ்சினாள்.

"எனக்குக் கண்ணு இருக்கும்மா." அதிகாரி நின்றபடியே 'பொய்ப் புகார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

நிலமும் போச்சு, புகாரும் போச்சு. அப்பா மகளை எரித்துவிடுவது போல் பார்த்தார்.

வந்த வேலை முடிந்த சந்தோஷத்தில் அதிகாரி குனிந்து ஒரு முள்ளங்கியைப் பிடுங்கினார். தண்ணீர் பாட்டிலைத் திறந்து அதை அலசி, நறுக்கென்று ஒரு கடி கடித்தார்.

மேனேஜர் குடையைக் கீழே போட்டார். பாய்ந்து வந்து அதிகாரியின் கையைத் தட்டிவிட்டு அலறினார்:

"ஐயையோ, துப்புங்க மாப்ளே, என் பொண்ணு கதி என்னாகிறது!"