இன்னும் ஒருவர் தேவை

பூந்தொட்டியை உடைத்தது ஆராய்ச்சியாளர்தான். மறுக்க வழியில்லை, அவருடைய ஸ்கூட்டரின் பின்சக்கரம் இன்னும் தொட்டி மண்ணுக்குள் இருந்தது.

முதலில் அவர் வண்டியை நிறுத்தியது வீட்டு வாசலிலிருந்த சாய்தளத்தின் மேல். சக்கர நாற்காலி ஏறி இறங்கப் போட்ட பாதை அது. வருடக்கணக்காக அப்படிப்பட்ட பாதைகளைப் பற்றியே ஆராய்ச்சி செய்கிறவர், அதன் குறுக்கேயே வண்டியை விட்டுவிட்டு, திடீரென்று உறைத்துப் பின்னால் தள்ளியதில் தொட்டி பலியானது.

வாசல் பெஞ்சில் ஒரு பெண்ணும் ஒரு ஆளும் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண்ணின் கழுத்தில் அவருடையதைப் போலவே ஓர் அடையாள அட்டை. ஆளின் மடியில் ஒரு தடித்த பை. மேலே ‘மாடி வாடகைக்கு’ என்று பலகை தொங்கியது. வேலைக்கு நடுவே வீடு பார்க்க வந்திருக்கிறார்கள், பாவம், என்று நினைத்துக்கொண்டார். அலைந்து அலைந்து அவர்கள் முகமும் அவர் முகத்தைப் போலத்தான் வாடியிருந்தது.

அவருக்கு வேண்டியது ஒரே ஒரு ஆள். ஆய்வுக் கூட்டத்துக்கு டாக்டர், இன்ஜினியர் என்று நிபுணர்கள் எல்லாம், சாப்பாடு உண்டு என்றதுமே சம்மதித்துவிட்டார்கள். சக்கர நாற்காலியில் இருப்பவர்கள்தான் பிடிகொடுக்கவில்லை. பார்க்கலாம் என்றார்கள், சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள், வீட்டில் கேட்க வேண்டும் என்றார்கள். யாரும் மாட்டேன் என்று சொல்லவில்லை, வரவும் இல்லை.

திங்கட்கிழமைக்குள் இன்னும் ஒருவர் சேராவிட்டால் ஆய்வை இழுத்து மூடிவிடுவதாக மேலதிகாரி சொல்லிவிட்டார். ஆய்வோடு ஆராய்ச்சியாளரின் வேலையும் போகும். மாப்பிள்ளை பெரிய ஆராய்ச்சியாளர் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்ளும் மாமனாரை நினைத்தால்தான் இன்னும் பயமாக இருந்தது.

கடைசி நம்பிக்கை இந்தக் கணக்கு டீச்சர். போனில் கூப்பிட்டபோது, சனிக்கிழமை வீட்டுக்கு வாருங்கள், எனக்கும் உங்களிடம் கேட்க வேண்டியது இருக்கிறது என்றிருந்தார். எல்லாரும் கேட்பதுதான்: வண்டிச் செலவு தருவீர்களா, படம் கிடம் எடுப்பீர்களா.

டீச்சரின் கணவர் அவரை முதலில் உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்து, டீயையும் வைத்துவிட்டு வாசலுக்குப் போனார். டீச்சர் சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு எதிரே வந்தார். கைபேசியை இருவருக்கும் நடுவில் மேஜைமேல் வைத்தார். ஆராய்ச்சியாளர் தொட்டிக்காக மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தார்.

“தொட்டி கிடக்கட்டும் தம்பி. நான் சிலது கேப்பேன். சொல்ல இஷ்டமில்லைன்னா விட்டுடுங்க. எப்ப வேணும்னாலும் எந்திரிச்சுப் போகலாம், நான் தப்பா நினைக்க மாட்டேன்.”

உட்கார்ந்த இடம் சூடாவதற்குள் போகச் சொல்கிறாரே என்று அவர் நாற்காலியில் இன்னும் அழுத்தி உட்கார்ந்தார்.

எத்தனை வருடமாக இந்த வேலை, யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று டீச்சர் ஆரம்பித்தார். வேலை பிடித்திருக்கிறதா என்று கேட்டு, ரொம்பவா, ஓரளவா, கொஞ்சமும் இல்லையா என்று அவரே எடுத்தும் கொடுத்தார். கணக்கு டீச்சர் அல்லவா, எதையும் அளந்துதான் கேட்பார் போல. ஆராய்ச்சியாளர் ஓரளவு என்றார். சந்து கிடைத்த இடத்திலெல்லாம், கூட்டத்துக்கு வருவீர்களா மேடம் என்று நுழைத்துப் பார்த்தார். அதுக்கென்ன, பார்க்கலாம் என்று டீச்சர் அடுத்த கேள்விக்குத் தாவினார்.

“போன ஆராய்ச்சியில பேசினவங்ககிட்ட திரும்பப் போனீங்களா? நீங்க சொன்னதால இன்னது நடந்துச்சுன்னு சொன்னீங்களா?”

அவர் டீயைப் பார்த்தார். ஆடை கட்டியிருந்தது. இந்தக் கேள்விக்கென்றே அவரிடம் ஒரு பதில் தயாராக உண்டு: அறிக்கை கொடுத்தாயிற்று, பரிசீலனையில் இருக்கிறது. இன்றைக்கு அதைத் தூக்கி நிறுத்தத் தெம்பில்லை.

“இல்லக்கா,” என்றார். மேடம் எப்போது அக்காவானார் என்று அவருக்கே தெரியவில்லை. “ஒண்ணும் நடக்கல. அதான் போகல. ஒரு பெரியவரு, பாத்ரூம் கதவை அகலமாக்கித் தருவாங்களான்னு கேட்டாரு. கேட்டுச் சொல்றேன்னு வந்தேன். இன்னும் சொல்லல. இப்பல்லாம் அந்தத் தெரு வழியாவே நான் போறதில்ல.”

டீ ஆறிவிட்டதே, வேறு போடச் சொல்லட்டுமா என்று மட்டும் டீச்சர் மெல்லக் கேட்டார்.

“வேண்டாங்க்கா. கூட்டத்துக்கு வருவீங்களா, மாட்டீங்களா? அதை மட்டும் நேரா சொல்லிடுங்க. எதுன்னாலும் தாங்கிக்கிறேன்.”

“வர்றேன் தம்பி. அதுக்கு முன்னாடி அந்தப் பெரியவரைப் போய்ப் பாருங்க. ஒண்ணும் நடக்கலைங்கிறதையாவது நேர்ல சொல்லிட்டு வாங்க.”

இத்தனை நாள் அலைச்சலில் அவருக்குக் கிடைத்த முதல் நேர் பதில். நன்றி சொல்ல எழுந்தார்.

டீச்சர் கைபேசியை எடுத்து, அதில் ஓடிக்கொண்டிருந்த ஒலிப்பதிவை நிறுத்தினார். பிறகு வாசல் பக்கம் திரும்பிக் கணவருக்குக் குரல் கொடுத்தார்.

“ஏங்க, இவரு ஆச்சு. அடுத்த ஆராய்ச்சியாளரை உள்ள வரச் சொல்லுங்க.”