நாற்பதாயிரம் பெயர் தெரிந்த தொலைநோக்கி

கடையின் மொட்டைமாடியில் இரண்டு கணினித் தொலைநோக்கிகள் நின்றன. வாங்க வந்த கோமளவல்லி ஒன்றைத்தான் கொண்டுபோவாள். மற்றது மறுபடி குடோனுக்குப் போகும்.

"வானத்தில் நாற்பதாயிரம் பொருள் எனக்கு மனப்பாடம். உங்களுக்கு எத்தனை, அண்ணே?" என்றது சின்னது.

"நாலாயிரம்தான். கண்ணாடி மட்டும் கொஞ்சம் பெரிசு, தம்பி."

இரண்டும் ஒரே நட்சத்திரக் கொத்தை நோக்கித் தாமாகத் திரும்பின. சின்னதில் பார்த்தவள், "பஞ்சு மாதிரி ஏதோ தெரியுது," என்றாள். பெரியதில் அந்தப் பஞ்சு ஆயிரமாயிரம் நட்சத்திரங்களாகப் பிரிந்து கிடந்தது. கடைக்காரர் கூப்பிட்டும் அவள் திரும்பவில்லை.

"இதுதான்," என்றாள் கடைசியில், கண்ணை எடுக்காமலே.

சின்னதுக்குக் குடோன் பயம்கூட மறந்துவிட்டது. "அண்ணே, அங்கே அப்படி என்னதான் இருக்கு?"

"எனக்கென்ன தெரியும்? பல்லாயிரம் வருஷம் பயணம் வந்த வெளிச்சம் என் வழியா அவ கண்ணுக்குள்ள போச்சு. இன்னும் அவ இமைக்கலை, பாரு."