ஏழாம் நம்பர் கட்டில்

கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய அட்டையில் பெயரைப் படித்ததும், அம்சவல்லியின் கால்கள் தாமாகவே ஷூவைக் கழற்றிவிட்டன.

பட்டாபிராமன். வயது அறுபத்து மூன்று. ஊர், அவளுடைய ஊர்தான்.

அதற்குக் கீழே இருந்த வரிகளை அவள் படிக்கவில்லை.

"அடியே, இது என்ன கோயிலா? ஷூவைப் போடுடி!" பின்னால் தன் முறைக்காகக் காத்து நின்ற ஹமீதா பானு, உதடு அசையாமல் கிசுகிசுத்தாள்.

அம்சவல்லி குனிந்து பார்த்தாள். சிமென்டுத் தரையில் வெறுங்கால். வார்டுக்குள் வெறுங்காலோடு நிற்கும் நர்ஸ்!

அவசரமாக மாட்டிக்கொண்டாள். சென்னையிலிருந்து பரீட்சை நடத்த வந்திருந்த ஜெக்கரியா மேடத்தின் பென்சில், அதற்குள் எதையோ குறித்துவிட்டது.

மிராசுதார் பட்டாபிராமன் வரப்பில் வருவது தெரிந்தால், அவள் அப்பா வீரையன் செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார். அந்த அப்பாதான் போன சம்பா அறுவடையில், அதே வரப்பில் நிமிர்ந்து நின்று, கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டார். பட்டாபிராமன் வெளியூர் ஆட்களை வயலில் இறக்கினார். கைகலப்பு. போலீஸ். நன்னிலம் கோர்ட்டில் வாய்தா இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்த மனுஷருக்குத்தான் அவள் இப்போது பென்சிலின் போட வேண்டும்.

கடைசி பிராக்டிகல். சீட்டுக் குலுக்கியதில் ஏழாம் நம்பர் விழுந்துவிட்டது. ஆளை மாற்றித் தர மாட்டார்கள். 'இவள் வேண்டாம்' என்று நோயாளி சொல்லிவிட்டால் அதோடு பெயில். நோயாளியைச் சம்மதிக்க வைப்பதும் நர்ஸின் வேலை என்பார்கள்.

போன வருஷம் இதே பரீட்சையில் பக்கத்து ஊர் நீலாம்பாள் அக்காவிடம் ஒரு பெரியவர், "எந்தத் தெரு?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். பதிலைக் கேட்டதும் 'இவள் வேண்டாம்' என்றுவிட்டார். அக்கா இப்போது சேற்றில் நாற்று நடுகிறாள்.

சர்க்கார் மாறிய பிறகு அம்சவல்லியின் தெருவுக்கு வந்த முதல் ஆர்டர், இந்த ட்ரெய்னிங் சீட்டுக்கானது. இரண்டு வருஷம். இதில் தோற்றால் அவளுக்கும் சேறுதான்.

ட்ரேயை எடுத்துக்கொண்டு கட்டிலின் பக்கவாட்டுக்கு வந்தாள். கண்களைத் தரையிலிருந்து எடுக்கவில்லை.

"ஐயா, ஊசி போட வந்திருக்கேங்க."

ஒரு விநாடி. இரண்டு விநாடி.

"வாங்கோ சிஸ்டர். மெதுவாப் போடுங்கோ."

அவளுக்குக் காது அடைத்துக்கொண்டது. வாங்கோ. போடுங்கோ.

அப்பாவை 'டேய்' என்றும் அம்மாவை 'ஏ புள்ள' என்றும் கூப்பிட்ட அதே குரல். எட்டு வயதிலிருந்து தன் வயலில் நடவு நட்ட பெண்ணை அவருக்குத் தெரியாமல் போகுமா? தெரிந்தேதான் கூப்பிடுகிறார். இந்த வெள்ளை உடுப்பு அவரையே பணிய வைத்துவிட்டதே!

சிரிஞ்சை உறுதியாகக் கையில் எடுத்தாள்.

மருந்தை உறிஞ்சினாள். காற்றுக் குமிழை வெளியே தள்ளினாள். வேட்டியை ஒதுக்கித் தொடையில் ஸ்பிரிட் தடவினாள். ஊசியை இறக்கி, பிஸ்டனைக் கொஞ்சம் பின்னால் இழுத்து, ரத்தம் ஏறவில்லை என்று பார்த்து, நிதானமாக மருந்தைச் செலுத்தினாள். பஞ்சால் அழுத்தினாள். ட்ரேயோடு திரும்பினாள்.

"ஊசி சுத்தம்" என்றார் ஜெக்கரியா மேடம். "ஷூவுக்கு அஞ்சு மார்க் போச்சு. அதை விடு. பென்சிலின் போட்டா அடுத்து எதைப் பார்க்கணும்?"

"முகத்தை, மேடம்."

"பார்த்தியா?"

அம்சவல்லி கையிலிருந்த ட்ரேயைப் பார்த்தாள்.

"போனதிலேர்ந்து உன்னைத்தான் கவனிச்சேன். தொடைக்கு மேல உன் கண்ணு ஏறவே இல்லை. அவருக்கு முகம் வீங்கினா, மூச்சு முட்டினா உனக்கு யாரு வந்து சொல்லுவா? போ, பார்த்துட்டு வந்து சொல்லு. அப்புறந்தான் கையெழுத்து."

ஆறே தப்படி. அம்சவல்லி தலைமாட்டில் போய் நின்றாள். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

இரண்டு கண்களின் மீதும் கனமாகப் பஞ்சு. அதன் மேல் தலையைச் சுற்றி வெள்ளைக் கட்டு. தலை ஆடாமலிருக்க இருபுறமும் மணல் பை. கண் வார்டில் வெள்ளையடிக்கிறார்கள் என்று, ஆபரேஷன் ஆனவர்களை இங்கே மாற்றியிருந்தார்கள்.

அவர் எந்த உடுப்பையும் பார்க்கவில்லை.

"யாரு, சிஸ்டரா?" மிராசுதாரின் மோவாய் அவள் பக்கம் லேசாகத் திரும்பியது.

"தலையை ஆட்டாதீங்க. மூச்சு சரியா இருக்குங்களா? எங்கேயாவது அரிக்குதா?"

"ஒண்ணுமில்லை. வலியே தெரியலை போங்கோ. நல்ல கை உங்களுக்கு."

அவள் திரும்பி வந்தாள்.

"வீக்கம் இல்லை, தடிப்பு இல்லை. மூச்சு சீரா இருக்கு." "ரெண்டு கண்ணையும் கட்டியிருக்கு, மேடம்."

ஜெக்கரியா மேடம் தாளில் கையெழுத்துப் போட்டார். பாஸ்.

"நாளைக்குக் காலையில அந்தக் கட்டைப் பிரிக்கிறாங்களாம். ட்ரே பிடிக்க ஒரு பொண்ணு வேணும்னு வார்டு சிஸ்டர் கேட்டாங்க. டாக்டர் பக்கத்துல, அவர் முகத்துக்கு நேரா நிக்கணும்." பேனாவை மூடினார். "ஹமீதாவைப் போகச் சொல்லவா?"

"வேணாம் மேடம்" என்றாள் அம்சவல்லி. "நானே நிக்கிறேன்."