கழன்ற வயர்

"வயசானவங்கன்னா ஏமாத்திடலாம்னு நினைச்சீங்களா?"

போனில் டீச்சரின் மகன் கேட்டது மெக்கானிக்குக்குச் சுருக்கென்று தைத்தது. இருபத்தாறு வருஷத் தொழிலில் யாரும் அவரை அப்படிக் கேட்டதில்லை.

"வேலையில குறை இருக்காது சார். வண்டி இப்பதான் வந்து நிக்குது. பார்த்துட்டு நானே கூப்பிடுறேன்."

"பாருங்க. இந்த மாசத்துல இது மூணாவது தடவை." மகன் வைத்துவிட்டான்.

டீச்சரின் கார் பதினெட்டு வருஷப் பழசு. அதிலிருந்த கம்ப்யூட்டருக்குத் தெரிந்ததெல்லாம், கோளாறு வந்தால் ஒரு விளக்கை எரியவிடுவதுதான். எங்கோ தொலைவில் வேலை பார்க்கும் மகன்தான் அதைக் கழற்றிவிட்டுப் புதுசு போடச் சொன்னான். புதுசு, கோளாறு வந்த கையோடு அவன் போனுக்கே மெசேஜ் அனுப்பிவிடும். தனியாக இருக்கிற அம்மா நடுவழியில் நின்றுவிடக் கூடாதே.

மெக்கானிக்தான் போட்டுக்கொடுத்தார். மறுவாரமே மெசேஜ் போனது. அடுத்த வாரம் இன்னொன்று. நேற்று மறுபடியும்.

டீச்சர் ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார், மடியில் கைப்பையோடு. மெக்கானிக் பானெட்டைத் திறந்தார். போன ரெண்டு தடவையும் அவர் மாட்டிவிட்ட அதே சென்சார் வயர், அதே மாதிரி கழன்று தொங்கியது.

தானாகக் கழலவே கழலாது. கொக்கியை அழுத்திப் பிடித்து இழுத்தால்தான் வரும். ஸ்கேனரை மாட்டிப் பார்த்தார். புதுக் கம்ப்யூட்டர் நாள், நேரம் எல்லாம் குறித்து வைத்திருந்தது. ஒவ்வொரு தடவையும் ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தரை வாக்கில். வண்டி ஓடவே இல்லை. சாவி மட்டும் போட்டிருந்தது.

அவருக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. "டீச்சர், யாரோ வேணும்னே என் பேரைக் கெடுக்குறாங்க. வீட்டுல உங்க வண்டியைத் தொடுறது யாரு?"

"வீட்டுல நான் மட்டும்தானேப்பா இருக்கேன்."

சொல்லிவிட்டு டீச்சர் தலைகுனிந்துகொண்டார். மெக்கானிக்குக்கு மெல்லத்தான் விளங்கியது.

"நீங்க எதுக்கு டீச்சர்..."

"வண்டி நல்லா ஓடிச்சுன்னா அவன் கூப்பிடுறதில்ல. மெசேஜ் போச்சுன்னா அடுத்த நிமிஷமே போன் வருது. எங்க நிக்கிறம்மா, தண்ணி இருக்கா, சாப்பிட்டியான்னு எல்லாம் கேக்குறான். நேத்து பதினோரு நிமிஷம் பேசினான்."

மெக்கானிக் கழன்ற வயரைக் கையில் எடுத்தார்.

"உன்னைத் திட்டுவான்னு நான் யோசிக்கலப்பா. தப்பு என்னோடது. அவன்கிட்ட உள்ளதைச் சொல்லிடு. உன் பேர் ஏன் கெடணும்?"

அவர் வயரை மாட்டினார். துணியில் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். டீச்சர் முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"சார், பார்த்துட்டேன். என் வேலையிலதான் கோளாறு. பழைய வண்டி, புதுக் கம்ப்யூட்டர். ரெண்டும் ஒத்துப்போக நாளாகும். இனிமே மெசேஜை மட்டும் நம்பாதீங்க. தினமும் காலையில அம்மாவுக்கு ஒரு போன் போட்டு, வண்டி எப்படி இருக்குன்னு நீங்களே கேட்டுக்குங்க."