கூட வந்தவர்

"அவரே பதில் சொல்லட்டும் முசியே. நீங்க கொஞ்சம் சும்மா இருங்க."

உடைந்த பிரெஞ்சில் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்த தவரத்தினத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேலை போனவர்களுக்குச் சோமாஜ் காசு கொடுக்கும் அலுவலகத்தில், சுசான் என்று பெயர்ப்பலகை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண் பாண்டிச்சேரித் தமிழில் அதட்டுவாள் என்று யார் கண்டார்கள்?

"மதாம் தமிழோ? நல்லதாப் போச்சு," என்றார். முகத்தைப் பார்த்தால் நல்லதாய்ப் போனதாகத் தெரியவில்லை.

சுசான் அதைக் கவனிக்காமல் இல்லை. எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு, அலுவலகம் இருந்த லா சப்பல் பக்கம் எங்கே திரும்பினாலும் யாழ்ப்பாணத் தமிழ்தான். கூடவே, பாஷை தெரியாதவர்களுக்கு உதவி செய்கிறேன் என்று கிளம்பி, அவர்கள் தலையைத் தடவும் ஆசாமிகளும் பெருகிவிட்டார்கள். அந்த வகையைக் கண்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"வேலை போனது யாருக்கு?"

"இவருக்குத்தான். பேனாட். நான் உதவிக்குக் கூட வந்தனான்."

பேனாட் என்ற அந்த இளைஞன் நாற்காலி நுனியில் ஒட்டிக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சுசான் குரலைத் தணித்துக்கொண்டாள்.

"பேனாட், நீங்களாவே வேலையை விட்டுட்டதா ரெஸ்டாரண்ட் முதலாளி எழுதியிருக்காரு. அப்படின்னா சோமாஜ் கிடைக்காது. அவங்க நிறுத்தினாங்கன்னு காட்டணும். என்ன நடந்துச்சு, சொல்லுங்க."

பேனாட் தவரத்தினத்தைப் பார்த்தான். அதற்கே காத்திருந்தவர் போல அவர் பாய்ந்தார்.

"ஆர் மதாம் விட்டது? ரெண்டு வருசம் நிலத்துக்குக் கீழை இருக்கிற குசினியிலை நிண்டு கோப்பை கழுவினது. ஒருநாள் கழுவுற மெசின் வந்து இறங்கிச்சு. அடுத்தநாள் மார்செல் முதலாளி வாசல்லை நிண்டு, இனி வரத் தேவையில்லை எண்டிட்டான். ஒரு கடதாசியை நீட்டினான். சம்பளத்துக்காக்கும் எண்டு நம்பிக் கையெழுத்து வைச்சாச்சு. பார்த்தால், நானா விலகிறன் எண்டு அதிலை எழுதிக் கிடக்கு! இந்தக் காசும் வராட்டி றோட்டிலைதான் நிக்கவேணும்."

சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. என்னமாய் நடிக்கிறான் என்று சுசானுக்கு எரிச்சலாக இருந்தது.

"நீங்க அங்க இருந்தீங்களா?"

தவரத்தினம் ஒரு கணம் விழித்தார். "நானோ? இல்லை... இவர் சொன்னவர்."

"பேனாட், அந்த மெசினை எங்க வெச்சாங்க?"

பேனாட் மறுபடி தவரத்தினத்தைப் பார்த்தான். "உள்ளுக்கை..."

"படிக்குக் கீழை, மதாம். முந்தி உருளைக்கிழங்கு மூட்டை அடுக்கிற இடம்."

"உங்களைக் கேக்கல!"

பையனை வாயைத் திறக்கவே விடமாட்டேன் என்கிறானே என்று அவள் பல்லைக் கடித்தாள். ஆனால் மெசின் விஷயம் பொய்யாகத் தெரியவில்லை. அங்கேயே மார்செலுக்குத் தொலைபேசி எடுத்தாள். புது மெசின் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டதுதான் தாமதம், மனிதர் பெருமை தாங்காமல், "அது வந்ததும் அந்த ஆளை அனுப்பிவிட்டேன், ஒரு சம்பளம் மிச்சம்" என்று உளறிக் கொட்டிவிட்டார்.

"நிறுத்தினதை அவரே ஒத்துக்கிட்டாரு. எழுதிக்கிட்டேன். இனி கவலை இல்ல," என்றாள். தவரத்தினம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பேனாட் அசையவில்லை.

"காசோலையை எங்க அனுப்பணும்?"

"என்ர அறை விலாசத்துக்கு அனுப்புங்கோ மதாம். இஞ்சை பக்கத்திலைதான்."

"பேனாட் எங்க இருக்காரு?"

"சார்செலிலை," என்றான் பேனாட். நகரத்துக்கு வெளியே உள்ள அந்த ஊர்ப் பெயர்தான் அன்றைக்கு அவன் தடுமாறாமல் சொன்ன முதல் பதில்.

சுசான் பேனாவைக் கீழே வைத்தாள். அவள் சந்தேகப்பட்டது சரியாகிவிட்டது.

"முசியே, நீங்க வெளியில போய் நில்லுங்க."

"மதாம், நான் வந்து..."

"வெளியில!"

கதவு சாத்தியதும் அவள் பேனாட் பக்கம் குனிந்தாள். "பயப்படாம சொல்லுங்க. காசு வந்தா அந்த ஆளுக்கு எவ்வளவு குடுக்கணும்?"

பேனாட் வெகுநேரம் யோசித்தான். "முழுக்கத் தரச் சொன்னவர்."

"முழுக்கவா!" சுசானுக்கு ரத்தம் கொதித்தது. பாதி கேட்பவனைப் பார்த்திருக்கிறாள். இவன் பகல்கொள்ளைக்காரனாக அல்லவா இருக்கிறான்! காசோலை சார்செல் விலாசத்துக்கே போகும்படி எழுதி முத்திரை குத்திவிட்டு, கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள்.

"காசு பேனாட் வீட்டுக்குப் போகும். இந்தப் பையன் பக்கத்துல இன்னொரு தரம் உங்களைப் பார்த்தா பொலீசைக் கூப்பிடுவேன்!"

காத்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஏதோ சொல்ல வாயெடுத்த தவரத்தினம், பொலீஸ் என்றதும் வாயை மூடிக்கொண்டு படியிறங்கினார். மடியில் கனம் இருக்கிறது, அதுதான் ஓடுகிறான் என்று சுசான் நினைத்துக்கொண்டாள். ஓர் ஏழையைக் காப்பாற்றிய திருப்தியில் அடுத்தவரை அழைத்தாள்.

மெத்ரோ ரயில் பாலத்தின் கீழே தவரத்தினம் பேனாட்டின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, என்னட்டை விசா இல்லையெண்டுதானே உன்ர விசாக் கார்ட்டைக் காட்டி, உன்ர பேரிலை அங்கை வேலை செய்தனான். காசு வந்த உடனை கொண்டுவந்து தந்திடுவாய்தானே?"

பேனாட் கையை மெல்ல விடுவித்துக்கொண்டான்.

"கோப்பை கழுவினது நீங்கள்தான், நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா பேர் என்ரையெல்லே, அண்ணை?"